கரும்பலகைக் கறுப்பு பூசிய கார்

பஸ்ஸுக்குக் கூண்டு கட்டி வர்ணம் அடிக்கிற வேலையில் புதுக்கோட்டைப் பக்கம் என்னைக் கேட்காமல் யாரும் டின்னைத் திறக்க மாட்டார்கள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், இருக்கிறதைத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேலே மழைக்குக்கூட நான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினதில்லை. ஆனால் அங்கே படித்த ஒரே பாடத்தை வைத்து எங்கள் குடும்பத்தின் சோற்றைக் காப்பாற்றினேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது சண்டைக் காலம். அப்பா பினாங்கில் ஒரு கடையில் இருந்தார். ஜப்பான்காரன் அங்கே புகுந்ததும் அவருடைய கடுதாசி நின்றுபோனது. ஆத்தாவின் தம்பி, அதாவது என் மாமா, ஓர் அரிசி மில் முதலாளியிடம் கார் டிரைவர். அவர் சம்பளத்தில்தான் ஆத்தாவும் நானும் தங்கச்சியும் சாப்பிட்டோம். முதலாளிக்கோ கார் என்றால் உயிர். முந்தைய டிரைவர் கதவில் ஒரு கீறல் விழ விட்டாராம். அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட காரைத்தான் மாமா பொன்னமராவதி ரோட்டில் ஒரு மாட்டு வண்டிக்கு ஒதுங்கப் போய் அதன் அச்சு முனையில் உரசிவிட்டார். மட்கார்டு விளிம்பிலும், ஏறும்போது கால் வைக்கிற புட்போர்டு ஓரத்திலும் கறுப்பு வழித்துக்கொண்டு போய், தகரம் பல்லைக் காட்டியது. முதலாளி மதராசுக்குப் போயிருந்தார். ஆயுத பூஜை அன்று காலை ரயிலில் வந்து இறங்கிவிடுவார். கடையில் கறுப்புப் பெயிண்ட் கேட்டால், எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது என்று கையை விரித்தார்கள்.

மாமா காரை எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஆத்தா என்ன செய்தாள், தங்கச்சிக்கு மை கூட்டுகிற மாதிரி விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கொடுத்தாள். பூசினதும் புதுக் கார் தோற்றது, அப்படி ஒரு மினுமினுப்பு. ஆனால் பொழுது சாயும்வரை காயவில்லை. கோழி ஒன்று உரசிவிட்டுப் போக, மட்கார்டில் இறகு முளைத்திருந்தது.

"அக்கா, இது காரா, சேவலா?" என்றார் மாமா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்த குரல்.

அப்போதுதான் என் படிப்பு கைகொடுத்தது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை வெளுத்துப்போனால், பாடம் ஒப்பிக்கத் தெரியாத பயல்களைக் கூப்பிட்டு ஊமத்தை இலையையும் கரியையும் அரைத்துப் பூசச் சொல்வார் வாத்தியார். அந்தக் கூட்டத்தில் நான் இல்லாத நாளே கிடையாது. ஆகவே வேலை அத்துபடி. "மாமா, இங்கிட்டு விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பெட்ரோல் கிடைக்காமல் கரியில் கார் ஓடிய காலம். வண்டியின் பின்னால் அதற்கென்று ஓர் இரும்பு உருளை மாட்டியிருக்கும். மாமா ஓட்டுவதற்கு வைத்திருந்த மூட்டையிலிருந்தே கரி எடுத்தேன். ஊமத்தை விஷம், அம்மிப் பக்கம் வராதே என்று ஆத்தா விரட்டினாள். கிணற்றடிக் கல்லில் அரைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பல் போட்டுத் துடைத்து, உரிந்த ஓரங்களைச் செங்கல் துண்டால் தேய்த்துச் சமமாக்கி, காயக் காயப் பூசினேன். அப்புறம் உலர்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க மெல்லப் பளபளப்பு வந்தது. மாமா தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். உரசின இடம் அவருக்கே தெரியவில்லை.

பூஜையன்று மாமாவோடு நானும் முதலாளி வீட்டுக்குப் போயிருந்தேன். முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாராட்டினார் என்று அர்த்தம். பிறகு அவர் மனைவி பூஜைத் தட்டோடு வந்தார். நாங்கள் எல்லாரும் அவரை ஆச்சி என்போம். மாவிலையை முக்கிக் கார்மேல் தண்ணீர் தெளித்தார்.

கரும்பலகையைத் துடைக்க ஈரத்துணி போதும் என்பது வாத்தியாருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கார் என்றதும் மறந்துபோயிருந்தது. மட்கார்டு விளிம்பிலிருந்து கறுப்பாக ஒரு கோடு வழிந்தது. திருஷ்டிப் பூசணிக்காயை ஏந்தியிருந்த மாமா, அதை முதலாளி கண்ணுக்கு மறைப்பாக நகர்த்திப் பிடித்தார்.

ஆச்சி குனிந்து, வழிந்ததை விரலால் தொட்டார். மாமாவைப் பார்த்தார். கரி ஏறிய என் நகக் கண்களைப் பார்த்தார். அப்புறம் கிண்ணத்துச் சந்தனத்தை அள்ளி, அந்த விளிம்பு நெடுக அப்பினார், புட்போர்டு வரைக்கும்.

"பொட்டு வைக்கச் சொன்னா மெழுகிக்கிட்டிருக்கே?" என்றார் முதலாளி.

"வண்டிக்குக் கண்ணு நெறயப் பட்டிருக்கு. நானே சொல்ற வரைக்கும் இந்தச் சந்தனத்த யாரும் தொடக் கூடாது. நீங்களுந்தான்."

அந்த வீட்டில் பூஜை விஷயத்தில் ஆச்சிக்கு மறுபேச்சில்லை. முதலாளி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பொரி கடலை கொடுத்து முடிந்ததும் ஆச்சி என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு ஒரு டின்னைக் காட்டினார். "சன்னல் கம்பிக்கு வாங்குனதுல மிச்சம். கெடந்து நாறுது. ஒங்க மாமாகிட்டக் குடுத்து எங்கிட்டாச்சும் கொட்டிரச் சொல்லு."

மறுநாளே, ஆச்சி சரி என்றதும், மாமா சந்தனத்தை வழித்துவிட்டு அந்தப் பெயிண்டை அடித்தார். வேலை நிலைத்தது. சண்டை முடிந்து அப்பா ஊர் வந்து சேரும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை. நான் தொழிலில் தலையெடுத்த பிறகு ஆச்சியைப் பார்த்து அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தேன். "என்னமோ ஒளர்றே. சாப்பிட்டியா?" என்று இலை போடச் சொல்லிவிட்டார். சாகும்வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. நான் சாப்பிடுகிற சோற்றில் பாதி அவர் போட்டது என்று என் பிள்ளைகளிடம் இன்றும் சொல்கிறேன்.

அன்றைக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? ஊமத்தை இலையால் ஒரு பெரிய வீட்டையே ஏமாற்றிவிட்ட தெம்பில், ஆச்சி கொடுத்த டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் டின்னைத் திறந்தால், கழுத்து வரை கறுப்புப் பெயிண்ட். கைப்பிடியோடு சணலில் கட்டி, மயிர்கூட நனையாத புது பிரஷ் ஒன்று. இதையா கொட்டச் சொல்கிறார்கள், பணக்காரர்களுக்கு இவ்வளவுதான் விவரம் என்று வீடு போய்ச் சேரும்வரை சிரித்தேன்.