கொட்டாஞ்சேனையில் ஒரு தாய்வீடு

பிள்ளையள், இதை நீங்கள் இரண்டு பேரும் ஒருக்கா ஆறுதலாய் வாசிக்க வேணும். நான் ஓ.எல். வகுப்பு மட்டும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் தம்பி திருத்தட்டும். விஷயத்தில் பிழை இல்லை, அதில் கை வைக்க வேண்டாம்.

கனடாவில் இருக்கும் உங்கள் மாமா, அம்மாவின் பெரியம்மா மகன், எங்கள் ஆட்களின் ஃபமிலி ட்ரீயை இன்டர்நெட்டில் ஏற்றி வைத்திருக்கிறார் அல்லவா? பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் இருந்து செய்த வேலையாம். செத்தவர், இருப்பவர் என்று பார்க்காமல், என் பக்கத்து ஆட்களையும் விடாமல், ஒவ்வொருவராய்த் தேடிப் பிடித்துப் படம் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த மனுஷனுக்கு முதலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தை எழுத வேணும். அவர் இல்லாவிட்டால் என் தகப்பனின் தகப்பன் பெயரை நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை வீட்டில் தம்பி அதைப் போனில் திறந்தான்.

"அப்பா, அப்பப்பா எங்க மோசம் போனவர்?"

"கொழும்பு பெரியாஸ்பத்திரியில."

"இதில செத்த இடம் பிரேசில் எண்டு கிடக்கு."

கொழும்பு என்ற பெயரில் பிரேசிலிலும் ஓர் ஊர் இருக்காம். மாமா கொழும்பு என்று போட, அந்தத் தளம் தன்பாட்டில் பிரேசிலைப் பிடித்துக்கொண்டதாம். பாஸ்போர்ட் எடுக்காமலே போய்ச் சேர்ந்த மனுஷன் அவர். "பந்தடிக்கப் போயிருப்பார்" என்றான் தம்பி. நாங்கள் இருவரும் நன்றாகச் சிரித்தோம். உங்கள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது குறைவு.

அடுத்ததாய்த் தம்பி உன் பெயரைத் தொட்டான், மூத்தவளே. பிறந்த இடம் என்ற இடத்தில், வடக்கே உன் அம்மம்மாவின் ஊர் இருந்தது. உன் சேர்டிபிகேட்டில் இருப்பது கொழும்பு ஆஸ்பத்திரி. இதுவும் ஏதோ மெஷின் விட்ட பிழை என்று நினைத்து அன்றைக்கு விட்டுவிட்டேன்.

அந்தக் கிழமையே நீ லண்டனில் இருந்து போன் எடுத்தாய். வயிற்றில் ஏழு மாதம். உன் மாமியாருக்கு முழங்கால் ஒப்பரேஷன், அவ வர ஏலாது. எனக்குக் கேட்ட விசா வந்தபாடில்லை. நீயும் மாமாவின் அந்தக் குடும்ப மரத்தைப் பார்த்திருக்கிறாய்.

"அதில எல்லாத் தலைப்பிள்ளையளும் தாய்வீட்டில பிறந்திருக்கினம், அப்பா. என்னையும் அப்பிடித்தான் போட்டிருக்கு, பொய்யாய் எண்டாலும். என்ர பிள்ளைக்குப் பொய்யாய்ப் போடவும் ஓர் இடமில்லை. அம்மாவும் இல்லை, தாய்வீடும் இல்லை."

நீ அழவில்லை. சாதாரணமாய்த்தான் சொன்னாய். அழுதிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டுப் போனை வைத்தேன். பிறகு மாமாவுக்கு எடுத்தேன்.

"அத்தான், பிரேசிலைத் திருத்தியாச்சு" என்றார் எடுத்த எடுப்பில்.

"அது கிடக்கட்டும். மூத்தவள் பிறந்த இடத்தை ஆரிட்டைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

"அதை ஆரிட்டையும் கேக்க வேணுமே? தலைப்பிரசவம் எண்டால் தாய்வீடுதானே. முதற்பிள்ளையள் எல்லாருக்கும் தாயின்ர ஊரைத்தான் போட்டனான்."

மெஷினின் பிழை இல்லை. எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை. முறை எப்படியோ, நடந்ததும் அப்படித்தான் என்று எழுதிவிட்டார். நான் அதை மாற்றச் சொன்னேன். அவருக்கு மனமில்லை.

"அத்தான், அங்க இப்ப வீடுமில்லை, வளவுமில்லை, சனமுமில்லை. இதிலயாவது அந்த ஊரின்ர பேர் கிடக்கட்டுமே. ஆஸ்பத்திரியைப் போட்டு என்ன கண்டம்?"

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. "ஆஸ்பத்திரியைப் போட வேண்டாம், கொட்டாஞ்சேனையைப் போடுங்கோ" என்றேன். "கொட்டாஞ்சேனையில எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டு வருவாவே, கொட்டாஞ்சேனை மாமி, அவவை உங்களுக்குத் தெரியும். பழைய பக்கத்து வீட்டுக்காரி என்றுதான் நீங்கள் நினைத்திருக்கிறீர்கள்.

நாங்கள் கலியாணம் கட்டிக் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் இருந்தோம். செங்குத்தான மரப்படி. கீழே முற்றம், எல்லாருக்கும் பொதுவாய் ஒரு பைப். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவவின் வீடு, இரண்டு சின்ன அறை. மலைநாட்டுப் பக்கம் பிறந்து கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்தவ. புருஷன் ஹாபரில் கப்பல் மூட்டை தூக்கினவர். பிள்ளைகள் இல்லை. அவவை நான் அக்கா என்பேன், அவரை அண்ணை என்பேன்.

உன் அம்மாவுக்கு மாதம் ஏறிய நேரம் சண்டையால் வடக்குப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அம்மம்மா வர ஏலாது, நாங்கள் போக ஏலாது. உன் அம்மா அந்த மரப்படியில் இருந்து, "தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு இல்லாமல் போச்சே" என்று சொன்னவ. நீ போனில் சொன்ன அதே சொல். அதனால்தான் அன்று மழுப்பினேன்.

நீ பிறந்து, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு விட, ஆட்டோவில் வந்து இறங்கினோம். நான் உன்னை வைத்துக்கொண்டு, உன் அம்மாவைப் படியேற்றப் பார்க்கிறேன். அக்கா முற்றத்தைக் கடந்து வந்தா.

"பச்ச ஒடம்ப மாடிக்கு ஏத்துறீங்களா? அறிவிருக்கா தம்பி?"

உன்னை என் கையில் இருந்து வாங்கினா. உன் அம்மாவைக் கையில் பிடித்தா. "இன்னையிலேருந்து இதுதான் ஒனக்கு அம்மா வீடு. நானா அனுப்புற வரைக்கும் நீ புருஷன் வீட்டுக்குப் போகக் கூடாது." தன் புருஷனைப் பார்த்து, "நீங்க தலகாணிய எடுத்துக்கிட்டு மேல போங்க" என்றா. அண்ணை தலகாணியோடு என் அறைக்கு வந்தார். அவர் விட்ட குறட்டையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

பின்னேரம் வேலை முடிந்து உன்னைப் பார்க்க நான் அந்த வாசலில் போய் நிற்க வேணும். "மாப்பிள வந்திருக்காரு, டீ குடுக்கணும்" என்று உள்ளே பார்த்துச் சொல்லுவா. பிறகு தானே போய் ஊற்றிக்கொண்டு வருவா. உன் அம்மா உள்ளே விழுந்து விழுந்து சிரிப்பா. மிளகும் மஞ்சளும் வேர்க்கொம்பும் வறுத்து இடித்த சரக்குத்தூளில் மீன் கறி, பூண்டுப் பால், உனக்கு வேப்பிலை போட்டுச் சுடவைத்த தண்ணீர். எங்கள் ஊர்ப் பக்குவம் வேறு, அவவின் பக்குவம் வேறு. உன் அம்மா இரண்டையும் கலந்து சொல்லிக் கொடுக்க, அவ அதையும் செய்தா.

நான் மாமாவுக்குச் சொன்ன பெரிய விஷயம் இது இல்லை.

அக்கா வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவ. மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் போவா. நீ பிறந்த பிறகு முதல் வெள்ளி அவ போகவில்லை. அடுத்த வெள்ளியும் போகவில்லை. கோயிலில் கொடியேறித் திருவிழா நடந்தது. சாமி ஊர்வலமாய் எங்கள் ஒழுங்கை முகப்புக்கு வர, அவ முற்றத்துக் கதவுக்குள்ளேயே நின்று பார்த்தா. பைப்படியில் ஒரு மனுஷி கேட்டது என் காதில் விழுந்தது.

"அவங்க யாரோ, நீங்க யாரோ. ஒங்களுக்கு என்னக்கா துடக்கு?"

"எங்க வீட்ல புள்ள பொறந்திருக்குல்ல" என்றா அக்கா. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

துடக்கு, பிள்ளை பிறந்த தீட்டு, சொந்தத்துக்குத்தான் வரும்; முப்பத்தொரு நாள் கோயிலும் இல்லை, சாமிவிளக்கும் இல்லை. அதை ஒருவரும் கேட்டு வாங்குவதில்லை. அவ வாங்கினா.

முப்பத்தோராம் நாள் வீட்டைக் கழுவி, தீர்த்தம் தெளித்து, உன் அம்மாவுக்குப் புதுச்சேலை உடுத்தி, தேங்காய், பழம், ஒரு டின் சரக்குத்தூள் எல்லாம் தட்டில் வைத்து எங்களை அனுப்பி வைத்தா. முற்றத்தைத் தாண்டி, மரப்படியில் ஏறி, என் அறைக்கு. பைப்படிச் சனமெல்லாம் நின்று பார்த்தது. அக்கா படிக்குக் கீழே நின்று அழத் தொடங்கிவிட்டா. அண்ணை, "என்னடி, லண்டனுக்கா அனுப்புற? மாடிக்குத்தானே போறாங்க" என்றார்.

இதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லி முடித்தேன்.

"துடக்குக் காத்தவவே?" என்று கேட்டார் மாமா.

"ஓம்."

"அப்ப அது தாய்வீடுதான், அத்தான். நான் மாத்திறன்." பிறகு, "அவவை எந்தக் கிளையில சேர்க்கிறது எண்டுதான் தெரியேல்லை. இதில அயலுக்கு இடமில்லை" என்றார். ஊர்ப் பெயரையும் அழிக்க வேண்டாம், குறிப்பில் எழுதி வைக்கட்டும் என்று சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்.

பிறகு தம்பியோடு முகத்துவாரத்துக்குப் போனேன். அண்ணை காலமான பிறகு அக்கா அங்கே தன் தம்பியார் குடும்பத்தோடு ஃபிளாட்டில் இருக்கிறா. போனைக் காட்டி, "உங்கட வீடு இன்டர்நெட்டில வந்திட்டுது" என்றேன்.

"ஊரப் போட்டது சரி. வீட்டு நம்பரப் போட்டுறாதீங்க, கரண்ட் பில்லுக்காரன் தேடி வந்துருவான்."

அங்கிருந்தே தம்பி உன்னை வீடியோவில் எடுத்தான். மிச்சம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், தம்பி போனைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றது உனக்குத் தெரியாது.

"என்னடி, வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிற. சாப்பிட்டியா?" என்றா அக்கா. "அம்மா வீடு இல்லன்னு சொன்னியாமே. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அப்போதுதான் நீ அழுதாய். அக்கா அழவில்லை, சரக்குக்கு எவ்வளவு மிளகு என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டா. அடுத்த கிழமை வறுத்து இடித்துத் தந்ததைத் தம்பி பார்சலில் அனுப்பினான். அது உன் கைக்கு வந்த அன்று டின்னைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா மணக்கிறா" என்று ஒரு செய்தி அனுப்பினாய். அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை.

மாமா செய்த பிழைக்கு நான் நன்றி சொல்ல வேணும். அவர் சரியாய் ஆஸ்பத்திரியைப் போட்டிருந்தால், நானும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அக்காவுக்கோ எந்த நன்றியும் காணாது. எழுதி வைக்கத்தான் எனக்கு ஏலும்.

போன புதன் உனக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று தம்பி எல்லாருக்கும் மெசேஜ் அடித்தான். மாமா உடனே கேட்டார், "அத்தான், இதுக்கு என்ன இடம் போட?" "பிறந்த இடத்தைப் போடுங்கோ" என்றேன்.

கட்டிக் கொடுத்த மகள் கடல் கடந்து இருக்கிறாள். முறைப்படி பார்த்தால் பிள்ளை மருமகன் வீட்டுப் பிள்ளை. இந்த வீட்டுக்குத் துடக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை தம்பி நுகேகொடைக்கு வேலைக்குப் போன பிறகு குளித்தேன். வேட்டி மாற்றினேன். கோயிலுக்குப் போக வைத்திருந்த தேங்காயைக் குசினியில் கறித்தேங்காயோடு வைத்தேன். விளக்குக்கு ஊற்ற எடுத்த எண்ணெய்ப் போத்தலை மூடினேன். பிறகு சாமித்தட்டின் திரையை இழுத்து மூடிவிட்டு, வந்து கதிரையில் இருந்தேன்.