தாங்கியில் குத்தி நின்ற வாள்

ஜெனிஸ்டாவின் கோபம் மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வல சந்தியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மீன்காரர் மற்றவர்களுக்கு எப்படி நிறுத்தாலும், அவள் வந்தால் தராசைத் திருப்பி முள்ளைக் காட்டிவிட்டுத்தான் மீனைப் பையில் போடுவார். பஸ் கண்டக்டர்கள் அவளுக்கு மீதிக் காசைக் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள்.

அது சின்ன வயதிலேயே வந்த கோபம். அப்பா ரபாயேல் மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு தோட்டத்து ஒப்பீசுக்குப் போன ஜெனிஸ்டா, கால் வீங்கிய அம்மா ஒரு மணி நேரமாக வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். "ஐயா, எங்கம்மா உக்கார ஒரு கதிரை குடுங்க" என்றாள். கிளாக்கர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, மூலையில் சும்மா கிடந்த கதிரையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்று வீட்டில் அடி விழுந்தது. ஆனாலும் அம்மா உட்கார்ந்தாள் அல்லவா, அதுதான் அவளுக்குப் பெரிது.

இருபத்து நான்கு வயதில் ஜப்பானுக்குப் போனாள். முதியோர் இல்லம் ஒன்றில் படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உணவூட்டும் வேலை. அடுத்த தெருவில் ஒரு வாள் பயிற்சிக்கூடம் இருந்தது. வேலை முடிந்து வரும்போது, ஆண்களும் பெண்களும் வாளை உருவுவதும் வீசுவதும் திரும்ப உறையில் இடுவதுமாக, ஒரு சத்தமும் இல்லாமல் பழகுவதைக் கண்ணாடி வழியே பார்ப்பாள். ஒருநாள் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டாள். அங்கே யாரும் அவளைப் பார்த்துக் கோபப்படாதே என்று சொல்லவில்லை. தோளைத் தளர்த்து, மூச்சைக் கீழே இறக்கு என்று மட்டும் சொன்னார்கள். நான்கு வருடம் பழகினாள். ஊர் திரும்பும்போது கையில் இருந்தது ஒரு மரவாள்தான். இரும்பு வாள்கள் கூடத்துக்குச் சொந்தமானவை.

இங்கே வந்து, தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறிச் சாரதி கிறிஷாந்தைக் கட்டினாள். மாத்தளை டவுனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஜப்பானுக்கு வேலைக்குப் போகத் துடிக்கும் பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுத்தாள். விடியற்காலையில் பின்வளவில் மரவாளை வீசுவாள். "கிறிஷாந்த் பொஞ்சாதி ஈ வெரட்டுது" என்று பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். அதற்கு மட்டும் அவளுக்குக் கோபம் வருவதில்லை.

இரும்பில் ஒரு வாள் வேண்டும் என்ற ஆசை ஏழு வருடமாக உள்ளே கிடந்தது. அசல் ஜப்பான் வாள் வாங்க வேண்டுமென்றால் லொறியை விற்க வேண்டும். போன தை மாதம் போனில் ஒரு விளம்பரம் வந்தது. தம்புள்ளையில் மணிக்கூடு, பூச்சாடி, சுவர்ப்படம் எல்லாம் விற்கிற ஓர் அன்பளிப்புக் கடை. 'ஜப்பான் பாணி வாள். நுனியிலிருந்து பிடியின் அடி வரைக்கும் ஒரே இரும்பு. வெட்டுப் பயிற்சிக்கு உகந்தது.' விலை அவளுடைய ஒரு மாத வகுப்புக் காசுக்குள் அடங்கியது.

மூன்று முறை போன் எடுத்துக் கேட்டாள். கடைக்காரர் ஜெயகாந்த் மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "மிஸ், நான் பொறுப்பு. மரத்த வெட்டுனாலும் ஒண்ணும் ஆகாது."

நீளமான அட்டைப் பெட்டி வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர், "என்னக்கா, ஜன்னல் கேட்டின் கம்பியா?" என்று கேட்டார். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டாள். கறுப்பு உறை, நூல் சுற்றிய பிடி. பிடியையும் வாளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மூங்கில் ஆணியைச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. நல்ல இறுக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் காலை. பழைய பன்பாய் இரண்டைச் சுருட்டிக் கட்டி, முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள். நனைந்த பாய்ச்சுருளை வெட்டிப் பழகுவதுதான் அவள் படித்த முறை. அதைக் கட்டையில் குத்தி நிறுத்தினாள். கிறிஷாந்த் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்தான்.

முதல் வீச்சில் பாயின் மேல்பகுதி சரிவாகக் கழன்று விழுந்தது. வாழைத்தண்டு போல வழுவழுப்பான வெட்டு. ஜெனிஸ்டா வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டாவது வீச்சும் அப்படியே. மூன்றாவது வீச்சில் கை திடீரென்று லேசானது. என்ன நடந்தது என்று புரிவதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். கறுப்புத் தாங்கியில் வாள் குத்தி நின்றது. கிறிஷாந்தின் இடுப்புக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. துளையிலிருந்து பீறிய தண்ணீர் அவன் சாரத்தை நனைத்தது. அவள் கையில் வெறும் பிடி மட்டும் இருந்தது.

"ஒனக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று அவன் கேட்டான். சாக இருந்தவன் அவளைப் பார்த்துக் கேட்கிறான்.

பிடியைத் திண்டில் வைத்துச் சுத்தியால் உடைத்தாள். உள்ளே ஒரே இரும்பு என்பதெல்லாம் பொய். தாங்கியில் நின்ற வாளின் இரும்பு, பிடிக்குள் போகிற பக்கம் ஒரு விரல் நீளத்தோடு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு பென்சில் தடிப்பில் ஒரு கம்பியை ஒட்டவைத்திருந்தார்கள். ஒட்டிய இடத்தில் அந்தக் கம்பிதான் அறுந்துபோயிருந்தது. மூங்கில் ஆணி என்று அவள் தட்டிப் பார்த்தது வெளியே தெரிகிற வெறும் கொண்டை. பசை போட்டு ஒட்டியது. அசையாமல் இருந்ததன் இரகசியம் அதுதான்.

பிடியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் புது வாளை வீசாதே என்பது அவள் முதல் நாள் படித்த பாடம். ஆசையில் அதை மறந்தாள். கடைக்காரர் மேல் வந்த கோபத்தை விடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

போன் எடுத்தாள். ஜெயகாந்த் முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மிஸ், அது சொவத்துல மாட்டி போட்டோ எடுக்குற சாமான். பொம்பளப் பிள்ள வாங்கி வெட்டுவீங்கன்னு நான் கண்டேனா?"

"நான் மூணு தரம் கேட்டேன். மூணு தரமும் வெட்டலாம்னுதான் சொன்னீங்க."

"நாலந்தாவுல ஒரு கராத்தே மாஸ்டர் ஆறு வாங்கிப் போனாரு. வார ஞாயித்துக்கெழம பிள்ளைங்க மேடையில வீசப் போறாங்க. அவரே ஒண்ணும் சொல்லல. நீங்கதான் கொற சொல்றீங்க."

அவர் வைத்துவிட்டார். நாலந்தாவில் கராத்தே பழக்குகிற மண்டபம் எது என்று அவள் அன்றே விசாரித்தாள்.

சனிக்கிழமை, தம்புள்ளைப் பாதையில் இருக்கும் நாலந்தாவுக்கு பஸ் ஏறினாள். வாளைக் கொண்டுபோகவில்லை. வாளோடு பஸ்ஸில் ஏறினால் என்ன ஆகும் என்று தெரியாத நாட்டில் அவள் பிறக்கவில்லை. உடைந்த பிடியையும் அறுந்த கம்பியையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டாள். கிறிஷாந்த் எடுத்த படம் போனில் இருந்தது.

மண்டபத்தில் இருபது பிள்ளைகள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் கையில் அதே கறுப்பு உறை. மாஸ்டர் பஸ்லி முப்பது வயது இளைஞர். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"மிஸ், நான் பத்து வருஷமா பழக்குறேன். நீங்க வீசின முறை பிழையா இருக்கும்."

"முறை பிழையா இருந்தா பாய் வெட்டுப்படாது. ஒரே இரும்புன்னா பிடிக்குள்ள இந்தக் கம்பி ஏன் இருக்கு?"

"நாளைக்கு புரோகிராம். கார்டெல்லாம் அடிச்சாச்சு. இப்ப வந்து நிப்பாட்டச் சொன்னா?"

ஜெனிஸ்டா குரலை உயர்த்தினாள். மண்டபம் முழுக்கக் கேட்டது. "நிப்பாட்டச் சொல்லல. ஒரு வாளக் குடுங்க, ஒரு சுத்தியல் குடுங்க. ஒரே இரும்பா இருந்தா நான் ஒங்க கால்ல விழுந்துட்டுப் போறேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த தாய்மாரில் ஒருத்தி, ஹமீமா, எழுந்து வந்தாள். ஜெனிஸ்டாவின் போனை வாங்கிப் படத்தை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு தன் மகளின் கையிலிருந்த வாளை வாங்கி ஜெனிஸ்டாவிடம் நீட்டினாள். "மாஸ்டர், இவ என்ட புள்ள. இத ஒடச்சிப் பாருங்க. நட்டம் என்னட."

ஜெனிஸ்டா நூலை அறுத்து, மரத்தைப் பிளந்தாள். அதே விரல் நீளம். அதே கம்பி. பஸ்லி அதைக் கையில் எடுத்து வளைத்தார். 'டிக்' என்று முறிந்தது. பிள்ளைகளிடமிருந்து மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாக அவரே வாங்கி அடுக்கினார். "மன்னிச்சிக்கங்க மிஸ்" என்றார். பிள்ளைகள் மறுநாள் தடிகளோடு மேடை ஏறினார்கள்.

திங்கட்கிழமை ஜெனிஸ்டாவும் பஸ்லியும் தம்புள்ளைக் கடைக்குப் போனார்கள். ஜெயகாந்த் பஸ்லியைப் பார்த்ததும் கும்பிட்டார். உடைத்த ஒன்றையும் சேர்த்து ஆறு வாளுக்கும் காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஜெனிஸ்டாவைப் பார்த்து, "ஒங்களோடது ஒடஞ்சதுதானே மிஸ், அத எடுக்க ஏலாது" என்றார்.

"எனக்குக் காசு வேணாம். அந்த வெளம்பரத்த அழிங்க."

"அது என் யாவாரம்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் கடை வாசலில் போய் நின்றாள். வருகிறவர்களிடம் எல்லாம் அறுந்த கம்பியைக் காட்டித் தமிழிலும் சிங்களத்திலும் நடந்ததைச் சொன்னாள். மணிக்கூடு வாங்க வந்தவர்களும் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டு மணி நேரம். வெயில் ஏறியது. பஸ்லி தண்ணீர்ப் போத்தல் வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். கடைசியில் ஜெயகாந்த் போனைக் கொண்டுவந்து அவள் கண்முன்னே விளம்பரத்தை அழித்தார்.

"ஒங்களுக்கு ஏன் இவ்வளவு கோவம்?" என்றார், உண்மையிலேயே விளங்காதவர் போல.

"என் புருஷன் இன்னும் உசுரோட இருக்காரு, அதான் இவ்வளவோட நிக்கிறேன்" என்றாள்.

ஒரு மாதம் கழித்து, அதே படம், அதே பொய், வேறு கடைப் பெயர். வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் பார்த்தாள். காதெல்லாம் சூடாகியது. விளம்பரத்தின் கீழே அறுந்த கம்பியின் படத்தைப் போட்டு, நடந்ததை எழுதினாள். மாலைக்குள் அந்தக் கடைக்காரர்கள் அவளை அங்கே எழுத முடியாமல் தடுத்துவிட்டார்கள். மறுநாள் கிறிஷாந்தின் போனிலிருந்து எழுதினாள். அடுத்த நாள் பஸ்லி எழுதினார், அதற்கடுத்த நாள் ஹமீமா. தடுக்கத் தடுக்கப் புதுப் பெயரில், இன்றைக்கும் அந்த நான்கு பேரில் யாராவது ஒருவர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.