உறைகோட்டுக்குக் கீழே ஒரு குளிர்காலம்

காலையில் மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் ஏறும்போதே எனக்குக் களைப்பாக இருக்கும். நித்திரை கொண்டால் தீருகிற களைப்பு அல்ல அது. கோடுகளைப் பார்த்துப் பார்த்து வந்த களைப்பு. தெற்கே பனிக்கடலில் கடல்நாய்கள் அளந்து அனுப்புகிற வெப்பநிலைகளைச் சரிபார்ப்பது என் வேலை. கடல்நாயின் தலைமயிரில் பசை வைத்து ஒரு சின்னக் கருவியை ஒட்டிவிடுவார்கள். கப்பல் நுழைய முடியாத பனிக்கு அடியில் அது இறங்கும், மீன் தேடும், மூச்சு விட மேலே வரும். மேலே கிடக்கும் அந்தச் சில நிமிடங்களில் கருவி வானில் சுற்றும் செய்மதிக்குச் சொல்லிவிடும்: இந்த ஆழத்தில் இவ்வளவு குளிர், இந்த ஆழத்தில் இவ்வளவு உப்பு. ஒரு முழுக்குக்கு ஒரு கோடு. கோடையில் மயிர் உதிரும்போது கருவியும் உதிர்ந்துவிடும். அதோடு அந்தக் கடல்நாய் எனக்குச் செத்த மாதிரி. உண்மையில் அது எங்கோ புது மயிரோடு வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

அந்தப் பனியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்குக் கடல் என்பது நகர மையத்தில் மூன்றாம் மாடியில் ஒரு மேசை. ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள். மழை வந்தால் அவற்றிலிருந்து துரு வடியும். துருவையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி என் நாற்பதுகள் போய்க்கொண்டிருந்தன. எழுந்து எங்காவது போகவேண்டும் என்று கால் துடிக்கும். தேநீர் போடப் போவேன். திரும்பி வருவேன்.

அதே மாடியில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் ஆய்வுப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவள். ஈப்போவில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து, பிறகு படிக்க வந்தவள். கணவரும் பன்னிரண்டு வயது மகளும் அங்கே. அவள் இங்கே ஒனிஹங்காப் பகுதியில் ஒரு வீட்டின் பின் அறையில் வாடகைக்கு. இரண்டு வருடமாக ஊருக்குப் போகவில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்கும்வரை நாட்டை விட்டுப் போகக்கூடாது என்பது அவளுடைய உதவித்தொகையின் விதி. அந்த அக்டோபரில் எல்லாம் முடிந்திருந்தது. கடைசி அத்தியாயத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தாள். வெள்ளிக்கிழமை ஒப்படைப்பது, அடுத்த வாரம் விமானம், வீட்டில் தீபாவளி.

அந்த அத்தியாயம் ஒரே ஒரு கடல்நாயை நம்பி நின்றது. நிலத்திலிருந்து நீண்டு கடல்மேல் மிதக்கும் ஒரு பெரிய பனித்தட்டின் விளிம்பிலேயே குளிர்காலம் முழுதும் முழுகி எழுந்த ஒன்று. தட்டுக்கு அடியிலிருந்து மிகக் குளிர்ந்த நீர் வெளியே வருகிறதா என்பது அவள் கேள்வி. வரவில்லை என்பது பதில். அழகாக எழுதியிருந்தாள். ரயிலில் வாசித்துக்கொண்டு வந்தேன். கிங்ஸ்லாண்ட் நிலையம் தாண்டும்போது அந்தக் கடல்நாயின் எண்ணைத் திரும்ப ஒருமுறை பார்த்தேன். அந்தக் கடல்நாயின் கோடுகளைத் திருத்திக் கொடுத்தது நான்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. குளிர்காலத்தில் கடற்பனியை ஒட்டிக் கிடக்கும் நீர் உறைநிலையில் இருக்கும். அதற்குக் கீழே கோடு போனால் கருவிதான் பொய் சொல்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அந்தக் கடல்நாயின் எல்லா முழுக்குகளையும் ஒரே அளவில் மேலே உயர்த்தி, ஆகக் குளிர்ந்த புள்ளியை, மேற்பரப்பு நீர் உறைகிற அளவைக் காட்டும் உறைகோட்டில் உட்காரவைப்போம். 'தூக்கிவிடுறது' என்போம். முக்கால்வாசி இடங்களில் அது சரிதான். பனித்தட்டின் அருகில் மட்டும் சரியல்ல. தட்டின் அடிப்பக்கம் ஆழத்தில் இருக்கிறது. ஆழத்தின் அழுத்தத்தில் நீர் இன்னும் குளிர்ந்தால்தான் உறையும். அங்கே பனியைத் தொட்டுவிட்டு வரும் நீர் உறைகோட்டுக்குக் கீழேயே இருந்தபடி, உறையாமல் வெளியே வரும். அப்படிப்பட்ட இடமென்றால் தூக்குமுன் ஒரு குறிப்பைப் பார்க்கவேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் பனியில் துளையிட்டு, கருவியை நல்ல கருவி ஒன்றோடு சேர்த்து இறக்கி ஒப்பிட்ட குறிப்பு.

அந்தக் குறிப்பை நான் பார்க்கவில்லை. இடமும் தெரியும், விதியும் தெரியும். அதைத் திருத்திய வாரம் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. சாக்குச் சொல்ல ஒரு காய்ச்சல்கூட இல்லை. சலிப்பு, அவ்வளவுதான். கோடு கீழே கிடந்தது, கை தூக்கிவிட்டது.

மேசைக்குப் போனதும் குறிப்பைத் திறந்தேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. கடல்நாய் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு முழுக் குளிர்காலம் அந்தக் குளிர்நீருக்குள் போய் வந்து போய் வந்து சொல்லியிருக்கிறது. நான் அதன் வாயை மூடியிருக்கிறேன்.

அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. பின்னேரம் வீட்டில் புட்டுக்கு மா குழைத்தபடி கணவரிடம் சொன்னேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"வேற ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

"பிறகென்ன. அந்தப் பிள்ளை போய்ச் சேரட்டும். ஆறு மாசம் கழிச்சுத் திருத்தி எழுதுங்கோவன்."

"அப்ப அவள் எழுதினது பொய்யாப் போயிடுமே."

"இப்பவும் பொய்தானே," என்றார். துருவலைக் கையில் அள்ளிப் பார்த்தார். "உங்களுக்கு எல்லாத்தையும் இழுத்துப் போட்டுச் சுமக்கிற வியாதி ஒண்டு இருக்கு."

மாவைத் தொடர்ந்து குழைத்தேன். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியில் ஓர் இரவு நன்றாக நித்திரை கொண்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடவேண்டும்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு அறைக்கு வந்தாள். கையில் ஒரு காலணிப் பெட்டி.

"பசியாறிட்டீங்களா அக்கா? இதப் பாருங்க. மகளுக்கு. போன வருஷத்து சைஸ்ல வாங்கப் போயிட்டேன், நல்ல வேளையா போன் பண்ணிக் கேட்டேன். கால் என்னா வேகமா வளருது தெரியுமா!"

"உம்மோட ஒரு விஷயம் கதைக்கவேணும்."

"ஐயோ, மூஞ்சப் பாத்தாவே தெரியுது. கமா எல்லாம் தப்பா போட்டு வச்சிருக்கேனா?"

"உம்மட பிழை இல்லை. என்ர பிழை. அந்தக் கடல்நாயின்ர கோடுகளை நான் தூக்கிவிட்டிட்டன். ஒப்பிட்ட குறிப்பைப் பாக்காமல்."

சிரித்தாள். "சும்மா விளையாடாதீங்க லா."

நான் சிரிக்கவில்லை. பெட்டியை மூடி மேசையில் வைத்தாள்.

"எவ்ளோ தூக்கினீங்க?"

"உம்மட குளிர்தண்ணி முழுக்க மறையிற அளவுக்கு."

"அப்ப தண்ணி வருதா?"

"ஓம். குளிர்காலம் முழுக்க வருது."

மைக்ரோவேவ் யாருடையதோ சாப்பாட்டைச் சுற்றி முடித்து மணி அடித்தது. எடுக்க யாரும் வரவில்லை.

"டிக்கெட் எடுத்தாச்சு அக்கா."

"தெரியும்."

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"நேற்று. காலமை."

"நேத்து சாயங்காலம் கீழ பஸ் ஸ்டாப்புல என் பஸ் வர்ற வரைக்கும் என்கூடத்தான நின்னீங்க. தீபாவளிக்கு என்னா பலகாரம்னு கேட்டீங்க."

காலணிப் பெட்டியின் மூடியைப் பார்த்தேன்.

"சொல்லாமலே விட்டிருக்கலாம் நீங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "நான் வீட்டுக்காவது போயிருப்பேன்."

"அந்த அத்தியாயம்..."

"தெரியும் எனக்கு. அத்தியாயத்தப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க."

பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய சாப்பாடு மேசையில் இருந்தது. மூடிவைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்றே எங்கள் பிரிவுத் தலைவருக்கும் அவளுடைய மேற்பார்வையாளருக்கும் எழுதினேன். பிழை என்னுடையது, மாணவிக்கு இதில் பங்கில்லை, மூலக் கோடுகளைத் திரும்பத் தருகிறேன், அவகாசம் கொடுங்கள். இரண்டு பேரும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். ஆறு வாரம் கொடுத்தார்கள். அவ்வளவு கருணை இருந்தும் அந்த ஆறு வாரம் அவளுடைய தீபாவளியைத் தாண்டித்தான் போய் முடிந்தது.

இரண்டு நாள் அவள் வரவில்லை. நான் வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தேன். வெளியே காற்று ஒரு திசையில் நிற்காமல் அடித்தது, தென்கோளத்தின் அக்டோபர் வசந்தத்தில் இந்த நகரம் அப்படித்தான். மூன்றாம் நாள் காலையில் ஒரு செய்தி வந்தது. 'ஒரேயடியா கீழ இறக்கி விட்டுடாதீங்க. இந்தத் தடவை ஒவ்வொரு முழுக்கா என் கண்ணால பாக்கணும். பத்து மணிக்கு வர்றேன்.'

வந்தாள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். வணக்கம் இல்லை, பசியாறினீங்களா இல்லை. நான் ஒரு கோட்டைத் திறப்பேன், ஒப்பிட்ட குறிப்பைப் பக்கத்தில் வைப்பேன், அவள் பார்ப்பாள், "அடுத்தது" என்பாள். இப்படியே நாட்கள் போயின. திரையில் நீலக்கோடு உறைகோட்டைத் தாண்டிக் கீழே இறங்குவதைப் பார்க்கும்போது, வேறொரு காலமாக இருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்போம். இருட்டுக்குள், பனிக்கு அடியில், பசியோடு ஒரு விலங்கு தொட்டு வந்த நீர். மனிதர் யாரும் தொடாதது. நாங்கள் இருவரும் கொட்டாவி விட்டோம். ஒருமுறை மட்டும் அவள் திரையில் விரல் வைத்து, "இவ்ளோ நாளும் இங்கதான் இருந்திருக்கு," என்றாள். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அவள் போயிருக்கவேண்டிய நாளும் வந்தது. விமானம் மதியம். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பன்னிரண்டரைக்கு அவள் போன் அடித்தது. தாழ்வாரத்துக்கு எடுத்துப் போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"இல்லம்மா, இன்னைக்கு இல்ல. அம்மாதான் அன்னைக்கே சொன்னேன்ல... அழக்கூடாது. இல்ல, கடல்நாய்க்கு ஒண்ணும் ஆகல, அது நல்லா இருக்கு. ஒரு ஆன்ட்டி தப்பா போட்டுட்டாங்க... தெரியாமத்தான் மா. ம்ம். ஏசக்கூடாது. சரி, அப்பாகிட்ட குடு."

நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். திரையில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கணவரிடம் என்ன சொன்னாளோ, அது மெல்லிய குரலில், எனக்குக் கேட்கவில்லை. நீண்ட நேரம் கழித்துத்தான் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். முன்மயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. உட்கார்ந்து, நாற்காலியை என்னிடமிருந்து ஒரு விரற்கடை தள்ளி நகர்த்திப் போட்டாள்.

"அடுத்தது," என்றாள்.

திறந்தேன். கடல்நாயின் அந்தக் குளிர்காலத்து முழுக்குகளில் ஜூலை மாதத்தின் பாதியும் ஆகஸ்ட் முழுதும் இன்னும் மிச்சம் இருந்தன.