டாக்டரம்மா என்னை மயக்கிய கதை

என் முழங்கால் வலியைப் பற்றித் தெரியாதவர்கள் எங்கள் ஊர் பிள்ளைச்சாவடியில் கிடையாது. எல்லோரிடமும் நானே சொல்லியிருக்கிறேன். எதையும் மனசுக்குள் பூட்டி வைக்க எனக்குத் தெரியாது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கல்யாணமான நாளிலிருந்து மீன் விற்கிறவளுக்கு மெதுவாகப் பேசவும் வராது.

மூட்டுத் தேய்மானம் என்றார் எலும்பு டாக்டர். மாத்திரை கொடுத்தார். காலை நீட்டி மடக்கும் பயிற்சி சொன்னார். வேலையை விட வேண்டாம், உயரமான பலகையில் உட்காருங்கள், நடுநடுவே எழுந்து நடங்கள் என்றார். எல்லாம் செய்தேன். அப்படியும் வெயில் ஏறியதும் முழங்காலுக்குள் யாரோ சுத்தியலால் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பாதி மீனைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வழியெல்லாம் அந்தக் காலைத் திட்டிக்கொண்டே வருவேன்.

மார்க்கெட்டில் எனக்கு இருக்கும் இடம் என் மாமியார் உட்கார்ந்த இடம். நல்ல இடம், படியிறங்கி வருகிறவர்கள் கண்ணில் முதலில் நான்தான் படுவேன். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்து, படகெல்லாம் கரையேறி, மார்க்கெட்டுக்கு நானும் போகாமல் இருந்தபோது வீட்டில் அந்தப் பேச்சு வந்தது. என் கொழுந்தன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, சின்ன வயசுக்காரி. இனிமேல் அவள் அங்கே உட்காரட்டும் என்று என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் முடிவு கட்டிவிட்டார்கள்.

"நான் செத்தப்புறம் உக்காரட்டும்!" என்று கத்தினேன்.

"கத்தாத. நீ படற பாட்ட பாக்க முடியலன்னுதான் சொல்றோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தடை முடிந்து மார்க்கெட் திறக்கும் முதல் நாள், கடைசி மீன் விற்கும்வரை உட்கார்ந்து காட்டுகிறேன், முடியாவிட்டால் இடத்தை அவளுக்கு விட்டுவிடுகிறேன் என்று வாயை விட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த இடம் போனால் நான் யார்? வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிற ஒரு கிழவி, அவ்வளவுதான்.

எலும்பு டாக்டரிடம் போய் இதையும் சொன்னேன். அவர்தான் டவுனில் சாரம் பகுதியில் இருக்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். மாத்திரையும் பயிற்சியும் ஒரு பக்கம் நடக்கட்டும், வலியைச் சமாளிக்க ஹிப்னோதெரபி என்று ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள் என்றார்.

"ஹிப்னாட்டிசமா? மேடையில ஆள கோழி மாரி கூவ உடுவாங்களே, அதுவா?" என் வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உன்னப் போயி மயக்கப் போறாங்களாமே. பாவம் அந்த டாக்டரு."

ஓரகத்திக்கு வேறு பயம். "அக்கா, மனசுல இருக்கற ரகசியத்தையெல்லாம் வெளிய இழுத்துடுவாங்களாம்."

"எங்கிட்ட ரகசியம்னு ஒண்ணு இருந்தாத்தானேடி இழுக்கறதுக்கு!"

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். உட்கார்ந்ததுமே உடைத்துச் சொல்லிவிட்டாள். "தேஞ்ச மூட்டு இதனால சரியாகாதும்மா. வலி உங்கள எவ்வளவு படுத்துதோ, அத கொறைக்கப் பாக்கலாம். சிலருக்கு நல்லா வருது, சிலருக்கு வராது. நீங்க தூங்க மாட்டீங்க, நான் பேசறது எல்லாம் கேக்கும். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க." சுற்றி வளைக்காத அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது.

கண்ணை மூடச் சொன்னாள். மூடினேன். "நீங்க கடற்கரையில படுத்திருக்கீங்க. அலை மெதுவா வருது, போகுது..."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். "காத்து என்னா காத்து? வாடையா, கொண்டலா? படகெல்லாம் கரைக்கு வந்துடுச்சா?"

அவள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள்மேல் தப்பில்லை. டவுன்காரர்களுக்குக் கடற்கரை காற்று வாங்குகிற இடம். எங்களுக்கு அது ஆண்கள் வேலைக்குப் போகிற வழி. போதாததற்கு எங்கள் ஊரில் கடல் கரையை அரித்து அரித்து வீட்டு வாசல்வரைக்கும் வந்துவிட்டது. அலைச் சத்தம் கொஞ்சம் மாறினால் எழுந்து உட்கார்ந்துகொள்கிற ஜனம் நாங்கள். அலையைக் கேட்டு உடம்பைத் தளர்த்து என்றால் எப்படித் தளரும்?

சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "சரி, கடல உட்டுடுவோம். ஒடம்புல வலின்னா என்னன்னே தெரியாத நேரம்னு உங்களுக்கு எது?"

யோசிக்கவே இல்லை. "ஐஸ் பெட்டியில கைய உட்டிருக்கற நேரம்."

விடியற்காலையில் பெட்டியிலிருந்து மீன் எடுக்க ஐஸுக்குள் கையை மணிக்கட்டுவரைக்கும் விடுவேன். முதலில் தேள் கொட்டினாற்போல் சுள்ளென்று இருக்கும். பிறகு விரல் தடித்துப்போன மாதிரி, அதற்குப் பிறகு ஒன்றுமே தெரியாது. மீன் முள் குத்தி ரத்தம் வந்தால்கூட, கண்ணால் பார்த்த பிறகுதான் தெரியும். டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதவிட நல்லதா என்னால எதுவும் சொல்ல முடியாதும்மா. இதையே வெச்சுக்கலாம்" என்றாள்.

மறுபடி கண்ணை மூடினேன். அவள் என் ஐஸ் பெட்டியைப் பற்றியே நிதானமாகப் பேசிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அடே சாமி, மடியில் சும்மா கிடந்த என் வலது கை நிஜமாகவே மரத்துப்போனது! கிள்ளிப் பார்த்தாள், வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. "இப்ப அந்தக் கைய முழங்கால் மேல வைங்க. குளிரு மெல்ல உள்ள எறங்கட்டும்." இறங்கியது. வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. பக்கத்துத் தெருவுக்குக் குடிபோன மாதிரி இருந்தது.

தடைக்காலம் முழுக்க வீட்டில் தினமும் பழகினேன். "ஐஸ் பெட்டிக்குப் போயிட்டாளா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். சில நாள் வரவே வராது. முக்கியமாக ஓரகத்தி மேல் கோபமாக இருந்தால் ஐஸும் வராது, பெட்டியும் வராது. வலிக்காக என் கோபத்தையும் கொஞ்சம் இறக்கி வைக்கக் கற்றுக்கொண்டேன். எனக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

மார்க்கெட் திறந்த அன்றைக்குக் கூட்டம் அப்படி நெரித்தது. ஜனம் மீனைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளாயிற்று! வெயில் ஏறியதும் சொல்லி வைத்தாற்போல் முழங்காலில் சுத்தியல் விழுந்தது. அருவாமனையை நகர்த்திவிட்டு, கையைக் கழுவி முழங்கால்மேல் வைத்து, அத்தனை கூச்சலுக்கு நடுவில் கண்ணை மூடினேன்.

"ஏம்மா, தூங்கறியா? வஞ்சிரத்த வெட்டிக் குடும்மா" என்றாள் ஒரு அம்மா.

"செத்த இரு தாயி, மரத்துகிட்டு இருக்கறேன்."

பக்கத்துக் கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். குளிர் வந்தது, உள்ளே இறங்கியது. எழுந்து நாலடி நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த வஞ்சிரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தேன். அப்புறமும் வலி வந்துகொண்டுதான் இருந்தது. வரும்போதெல்லாம் நானும் என் ஐஸ் பெட்டிக்குப் போய்விட்டு வந்தேன்.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். பின்னால் ஓரகத்தி, கையில் உட்காருகிற பலகையோடு.

"ஆட்டோ கொண்டாந்திருக்கறேன். எழுந்து வா, போலாம்."

"யோவ், கூடையில சங்கரா கெடக்கறது கண்ணுக்குத் தெரியலயா? ஆட்டோவ அனுப்பிட்டு ஒரு பக்கெட்டு தண்ணி மொண்டாந்து வை."

படகில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கிய மனுஷன், மார்க்கெட்டே பார்க்க, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். ஓரகத்தி பலகையைக் கீழே வைத்தாள். ஒரு ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சங்கராவும் போனது. வெறும் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். ஓரகத்தி தன் பலகையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?" என்று கேட்டாள்.

"எப்பவும் வர்ற நேரந்தான்" என்றேன்.