மீட்டருக்குப் பின்னால் ஒரு முடிப்பு

சங்கரன்கோவிலில் மெக்கானிக் மசூது பாய் எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொடமாட்டார். வண்டியில் ஏறி நம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஓட்டுங்க, பாப்போம்" என்பார்.

என் பழைய அம்பாசிடரில் ஸ்பீடோமீட்டர் முள் ஒரு வாரமாகப் பேயாட்டம் ஆடியது. முப்பதில் போனாலும் எண்பதுக்குத் துள்ளும். பின்சீட்டில் இருப்பவர்கள் "மெள்ளப் போங்க அண்ணாச்சி!" என்று அலறுவார்கள். மறுநாள் சிவகிரிக்குக் கல்யாண வாடகை. மீட்டரைச் சரிபண்ணாவிட்டால் வேறு வண்டி பார்ப்பதாகப் பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

புளியங்குடி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போனோம். முள் ஆட ஆட, பாய் சிரித்தார்.

"கிலோமீட்டர் நம்பர் ஒழுங்கா ஓடுது. அப்போ கேபிள் அறுந்து போவல. எங்கனயோ மடங்கிக் கெடக்கு."

வண்டியை நிறுத்தி மீட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்தார். ஒரு மஞ்சள் துணி முடிப்பு கேபிளை அமுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே கோமதி அம்மன் கோவில் புற்றுமண். வண்டிக்குக் காவலாக இருக்கட்டும் என்று போன வெள்ளிக்கிழமை நான்தான் திணித்து வைத்தேன். வெட்கத்தோடு அதைப் பாயிடம் சொன்னேன்.

பாய் அதைத் தொடவில்லை. "சாமி மண்ணு. என் கையெல்லாம் கிரீஸு. நீங்களே எடுங்க அண்ணாச்சி."

"அம்மன் கோவிச்சுக்கிடுவாளோ பாய்?"

"ஒரு வாரமா உங்கள மெள்ளப் போக வச்சிருக்கா. கோவம் உள்ளவ அப்படிச் செய்வாளா? அடுத்த வெள்ளிக்கு ரேடியேட்டர்ல எதையும் வச்சிராதீங்க, அது போதும்!"

முடிப்பைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். அவர் கேபிளை நிமிர்த்திக் கட்டினார். திரும்பும்போது முள் நாற்பதில் அசையாமல் நின்றது. ஓரமாக நிறுத்தி, பெண்வீட்டாருக்குப் போன் போட்டேன்.