ஏழு மெஷின் சுபைர்

கள்ளக்குறிச்சியில் சுபைர்கள் பலர் உண்டு. ஏழு மெஷின் சுபைர் ஒருவர்தான். வயது நாற்பத்திரண்டு. அப்பாவின் ஜவுளிக்கடை மாடியில் உட்கார்ந்து, அறுவடை மெஷின் எந்த வயலுக்கு எப்போது போக வேண்டும் என்று முறை போடும் மென்பொருள் எழுதுகிறார்.

பட்டப்பெயருக்குக் காரணம் அவருடைய பெருந்தன்மை. ‘முறை’ என்று ஒரு கிளாஸ், அதாவது மென்பொருளில் தனியாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு பகுதி, எழுதி, யார் வேண்டுமானாலும் அதிலிருந்து கிளை பிரித்து, பிடிக்காத இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். அவர் எழுதிய கம்ப்யூட்டர் மொழியில், தடுக்காவிட்டால் அனுமதி என்று அர்த்தம், சுபைர் தடுக்கவில்லை. சின்னசேலத்தில் மெஷின்களை வாடகைக்கு விடும் இளமாறன் பிரித்தார். பிறகொரு நாள் சுபைர் தன் கிளாஸுக்குள் இரண்டு வரிகளை இடம் மாற்றினார். பழைய வரிசையை நம்பியிருந்த இளமாறனின் கிளை முறிந்தது. மறுநாள் காலை அய்யனார் என்ற விவசாயியின் இருபது சென்ட் நெல்லுக்கு ஏழு மெஷின்கள் வந்து நின்றன. டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே அய்யனார் களைத்துப்போனார்.

அன்றே சுபைர் எல்லாக் கிளாஸையும் பூட்டினார். கிளாஸ் என்றால் பூட்டோடுதான் பிறக்க வேண்டும், எழுதியவன் யோசித்துத் திறந்தாலொழிய யாரும் கிளை பிரிக்கக் கூடாது என்று கல்யாணப் பந்தியிலும் பேசினார். எதிரில் இருந்தவர்கள் பிரியாணியை வேகமாகச் சாப்பிட்டார்கள்.

போன கார்த்திகையில் கல்வராயன் மலையிலிருந்து சந்தியா வந்தார். உழவர் குழுவுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அறுத்த சாமை களத்தில் கிடந்தது, வானம் கறுத்திருந்தது. கதிரடிக்கும் மெஷின் மலையேற மூன்று மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரம் தாமதித்தாலே சுபைரின் மென்பொருள் முறையை ரத்து செய்துவிடும். மெஷின் இரண்டு தடவை பாதி மலையில் திரும்பியிருந்தது. கிளை பிரித்து அதை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்றார் சந்தியா. தை மாதம் தானே செய்து தருவதாகச் சொன்னார் சுபைர்.

“என் கிளாஸுல கை வெச்சா ஏழு மெஷின் வரும்மா.”

“மலைக்கு ஒண்ணு வந்தா போதும் பாய்.”

சுபைர் அசையவில்லை. சந்தியா அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, தனியாக ஒரு சின்னக் கிளாஸ் எழுதி, சுபைருடையதை முழுசாக அதற்குள் வைத்தார். முறை போடுவது உள்ளே இருப்பது. மெஷினை மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளப்புவது வெளியே இருப்பது.

“இன்னாம்மா பண்ற?”

“உங்க பூட்ட தொடல பாய். வூட்டோட தூக்கி என் காம்பவுண்டுல வெச்சுக்கினேன்.”

மறுநாள் மெஷின் மலையேறியது. மழைக்கு முன் சாமை மூட்டைக்குள் போனது.

இதைத் தன் கொள்கையின் வெற்றி என்று சுபைர் அறிவித்தார். பூட்டியிருந்ததால்தானே அந்தப் பெண்ணுக்கு நல்ல வழி தோன்றியது? ஆனால் அந்த வாரமே பயண நேரத்துக்கு மட்டும் பூட்டைத் திறந்து, ஆபத்தில்லாமல் கிளை பிரிப்பது எப்படி என்று நான்கு பக்க விளக்கத்தோடு சந்தியாவுக்கு அனுப்பினார். வேலைதான் நடக்குதே பாய் என்று பதில் வந்தது.

இதுவரை யாரும் கிளை பிரிக்கவில்லை. சுபைர் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.