நான்காவது தட்டல்

மூன்று என்றுதான் நான் எழுதினேன். என் பேனாவால், என் கையெழுத்தில், "உள்ளிருந்து மூன்று முறை தட்டுகிறாள்" என்று. நான்காவதை நான் எழுதவில்லை. ஆனால் கேட்டேன்.

பதினோரு வருஷமாக அம்பிகா இந்த ஒரு நினைப்பை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கணவரிடம்கூட. 2014 மே 24, சனிக்கிழமை, மதியம் ஒன்று இருபதுக்கு விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதும் அதே நினைப்புதான். இனி வருவதில் ஒரு வரிகூடக் கட்டுக்கதை இல்லை. அவளுக்கு என்ன தெரியுமோ அதுதான் இங்கே இருக்கிறது. அவளுக்கு விளங்காதது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

விழுப்புரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை அவள். பள்ளிக்கு அவளைத் தெரியும். ஆனால் 'கேட்பவன்' படங்களுக்குக் கேள்வி எழுதியது அவள்தான் என்று பள்ளிக்குத் தெரியாது. 1993இல் தொடங்கி 2003 வரை ஆறு பாகங்கள். திண்டிவனத்துக்காரர் கோதண்டபாணி எடுத்தவை. பெரிய நடிகர்கள் கிடையாது. ஒவ்வொரு படத்திலும் நாலைந்து பேர் ஓரிடத்தில் அடைபட்டிருப்பார்கள். முகம் தெரியாத ஒருவன் கேள்வி கேட்பான். உன்னைக் காப்பாற்றிக்கொள்வாயா, அடுத்தவனையா? பொய் சொல்லித் தப்பிப்பாயா, உண்மை சொல்லிச் சாவாயா? தப்பாகச் சொன்னவர்கள் வெளியே வரமாட்டார்கள்.

அந்தக் கேள்விகள் எல்லாம் அம்பிகாவின் நோட்டிலிருந்து வந்தவை. அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பரீட்சைக்குக் கேள்வித்தாள் எடுக்கிறவள் அல்லவா... ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் தானே உட்கார்ந்து பதில் எழுதுவாள். தன் மனசு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று ஒளிக்காமல் எழுதுவாள். பல இரவுகள் தன் பதிலைப் பார்த்துத் தானே கூசியிருக்கிறாள். பதில் எழுதி முடித்த பிறகுதான் கேள்வியைக் கொடுப்பாள்.

ஆறாம் பாகத்துக்கு மட்டும் பதில் எழுதாமலே கொடுத்துவிட்டாள்.

கேள்வி இதுதான். பழைய ரைஸ் மில்லில் நெல் ஊறவைக்கும் சிமெண்ட் தொட்டி. இரும்பு மூடி. உள்ளே முன்பின் தெரியாத ஒரு பெண். தண்ணீர் ஏறுகிறது. வெளியே நிற்பவன் வாயைத் திறந்து தன் பழைய குற்றத்தைச் சொன்னால் மூடி திறக்கும். சொல்லாவிட்டால் அவன் பத்திரமாக வீட்டுக்குப் போகலாம். உள்ளிருந்து மூன்று முறை தட்டுகிறாள்.

2003 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவள் ஷூட்டிங் பார்க்கப் போன ஒரே நாள். தொட்டிக்குள் இறங்கியவள் கொளஞ்சி. விழுப்புரத்துக்குப் பக்கத்துக் காணை கிராமத்துக்காரி, துணை நடிகை. நியாயமாக அந்த ஷாட்டில் அவள் உள்ளே இருக்கவே வேண்டியதில்லை. கேமரா வெளியே நிற்பவனின் முகத்தில் மட்டும்தான். ஆனால் நிஜமான தட்டல் கேட்டால்தான் தனக்கு முகத்தில் பாவம் வரும் என்றான் கதாநாயகன். கொளஞ்சியும் சிரித்துக்கொண்டே ஏணிப் பக்கம் போனாள். மூடியைப் போட்டார்கள். "உள்ள ரெடியா?" என்று கத்தினார்கள். ஒரு தட்டல் கேட்டது. ரெடி.

டேக்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு நான்காவது.

கூடுதலாகத் தட்டுகிறாளே, கணக்குத் தப்புமே என்றுதான் அம்பிகா முதலில் நினைத்தாள். பிறகு ஐந்தாவது. ஆறாவது. டேக் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் மூச்சுவிடவில்லை. நடுவில் குரல் கொடுத்து ஒரு டேக்கைக் கெடுத்த பொம்பளை என்ற பேர் வேண்டாம் என்று அவள் பேசாமல் நின்றாள். கட் சொன்னதும் கோதண்டபாணி கைதட்டினார். "என்னமா தட்டறா பாரு!"

மூடியைத் திறந்தார்கள்.

முழங்கால் அளவு தண்ணீரில் குப்புறக் கிடந்தாள் கொளஞ்சி. உயிர் இல்லை. மூழ்கித்தான் செத்தாள் என்று அம்பிகா எடுத்துக்கொண்டாள்; யாரிடமும் விசாரிக்கத் துணியவில்லை.

படம் வெளிவந்தது. அந்த டேக்கில் பதிவான சத்தத்தையே கோதண்டபாணி படத்தில் வைத்தார். அம்பிகா அந்தப் படத்தை இன்றுவரை பார்த்ததில்லை.

இப்போது கோதண்டபாணி இல்லை. அவருடைய மகன் வெற்றிச்செல்வன் ஏழாம் பாகம் எடுக்கிறான். அதே மில், அதே தொட்டி.

மரக்காணம் சாலையில் மில் வாசலிலேயே நின்றிருந்தான். "வாங்க டீச்சர். உங்க கொஸ்டின் பேப்பருக்கு இப்போ வெளிநாட்ல கூட ரசிகருங்க இருக்காங்க, தெரியுமா? நெட்ல ஆறாம் பாகத்தைப் போட்டு வெச்சிருக்காங்க. எல்லாரும் அந்தத் தட்டற சத்தத்தைப் பத்தித்தான் எழுதிக்கினு இருக்காங்க. அது இல்லாம ஏழு வேணாம்றாங்க."

"எனக்கு எதுக்குப்பா ஆள் அனுப்பினே?"

"சங்கவிக்காகத்தான்."

சங்கவி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். இருபத்திரண்டு வயது. அம்பிகாவிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். "டீச்சர்! என்னைப் பெஞ்சு மேல நிக்க வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"திருக்குறள் படிக்காம வந்தா வேற எங்க நிக்க வெப்பாங்க?"

"இப்போ தொட்டில இறங்கச் சொல்றாங்க. எங்கம்மா விட மாட்டேங்குது. அம்பிகா டீச்சர் வந்து பார்த்து, பயமில்லன்னு சொன்னா போன்னுது."

வெற்றிச்செல்வன் சிரித்தான். "ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். நாளைக்குக் காலைல ஷாட். அவ்ளோதான்."

ஒரு வார்த்தை. கொளஞ்சியைப் பற்றி அவனுக்குத் தெரியும், விபத்து என்று. சங்கவிக்கு எதுவும் தெரியாது. நான்காவது தட்டல் கதையில் இல்லாதது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அதைச் சொன்னால், கேட்டும் ஏன் பேசாமல் நின்றாய் என்ற கேள்வி வரும். அவள் எழுதிய கேள்வி அவளிடமே வந்து நின்றது. பதில் அப்போதும் அவளிடம் இல்லை.

"முதல்ல தொட்டியைப் பார்க்கறேன்" என்றாள்.

மணி மூன்று ஐந்து.

அக்னி நட்சத்திரம். தகரக் கூரை படபடவென்று விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. வெற்றிச்செல்வனும் சங்கவியும் சாப்பிடப் போனார்கள். உள்ளே சவுண்ட் பார்க்கும் சர்புதீன் மட்டும் இருந்தான். கோட்டக்குப்பத்துப் பையன். காதில் ஹெட்போன். தொட்டியை ஒட்டி மைக் வைத்திருந்தான்.

"டீச்சரம்மா, ரெண்டு நிமிஷம் பேசாம இருங்க. ஆளில்லாத சத்தம் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

"ஆளில்லாத சத்தமா?"

"எந்த இடமும் சும்மா இருக்காதும்மா. அதுக்குன்னு ஒரு இரைச்சல் இருக்கும். அது வேணும்."

அம்பிகா தொட்டியருகே போனாள். ஒன்பதடி ஆழம்; இடுப்பளவு மட்டும் தரைக்கு மேலே, மீதி பூமிக்குள். மூடி போட்டிருந்தது. பல வருஷமாகத் தண்ணீரே விடாத தொட்டி. பக்கத்தில் இரும்பு ஏணி சாய்த்து வைத்திருந்தது. அதைத் தொட்டாள்.

ஈரம்.

கீழ்ப் படிகள் மட்டும் ஈரம். அந்த வெயிலில்.

"இதைக் கழுவினீங்களா?"

சர்புதீன் தலையை ஆட்டினான். இல்லை. பேசாதீர்கள் என்று விரலை உதட்டில் வைத்தான்.

மூன்று பன்னிரண்டு.

மில்லுக்கு வெளியே நாய் குரைத்துக்கொண்டிருந்தது. சட்டென்று நிறுத்தியது. கூரைச் சத்தமும் நின்றது. சர்புதீன் முகத்தைச் சுளித்தான். ஹெட்போனை இறுக்கினான். கருவியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"நீங்க தட்டினீங்களா?"

"இல்லையே."

"ஒரு தடவை..."

ஒரு தடவை. ரெடி.

அம்பிகா நகர வேண்டும் என்று நினைத்தாள். நகரவில்லை. அவளுடைய வலது கை மூடியின் மேல் இருந்தது. எப்போது வைத்தாள்? தெரியாது.

மூன்று பதிமூன்று.

டொக்.

இப்போது ஹெட்போன் இல்லாமலே கேட்டது.

டொக்.

டொக்.

நின்றுவிட்டது.

அவள் எண்ணினாள். மூன்று. மூன்றுதான். நான் எழுதியது மூன்றுதான்...

காத்திருந்தாள்.

ஐந்து நொடி. பத்து.

டொக்.

காதில் இல்லை. அவள் உள்ளங்கையில். மூடிக்கு நேர் கீழே, கையை எதிரெதிரே வைத்துத் தட்டினாற்போல.

அவள் கத்தவில்லை. அவளுக்கே அது ஆச்சரியம். அன்றைக்கும் அவள் கத்தவில்லை.

சர்புதீன்தான் பாய்ந்து வந்து மூடியை இழுத்துத் தள்ளினான். டார்ச் அடித்தான்.

காலி.

காய்ந்த சிமெண்ட். தரையில் விரல்கனத்துக்குத் தூசி. அதில் ஒரு தடம்கூட இல்லை. மூடி ஒன்பதடி உயரத்தில். கீழே நின்று எந்தக் கையாலும் எட்ட முடியாது.

"எலி கிலியா இருக்கும்மா" என்றான் சர்புதீன். "இன்னா பேஜாரு இது..."

வெற்றிச்செல்வன் வந்தபோது மூன்று நாற்பது. பதிவானதைப் போட்டுக் கேட்டான். முகம் மலர்ந்தது. "சூப்பர் டா! பழைய சத்தம் மாதிரியே எடுத்துட்டியே!"

சர்புதீன் பையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மறுபடி உள்ளே வரவில்லை.

"சொல்லுங்க டீச்சர், சங்கவி இறங்கட்டுமா?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "எனக்குத் தலை சுத்துதுப்பா. நாளைக்குப் பேசறேன்" என்றுதான் சொன்னாள். திரும்பி வரும் பஸ்ஸில் தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பதினோரு வருஷம் கழித்தும் அதே வாய். தலை சுற்றுதாம்.

ராத்திரி முழுக்க ஒன்றை மட்டும் யோசித்தாள். முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? விடிந்ததும் காணைக்குப் போகிற டவுன் பஸ் பிடித்தாள்.

கொளஞ்சியின் புருஷன் மாசிலாமணி வாசலில் வேர்க்கடலை, அங்கே மல்லாட்டை என்பார்கள், காயப் போட்டுக்கொண்டிருந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை. சொன்ன பிறகு, ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

அம்பிகா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேள்வியை எழுதியது, ஷூட்டிங் பார்க்கப் போனது, நான்காவது தட்டல், ஐந்தாவது, ஆறாவது. "அவங்க உயிருக்குத் தட்டியிருக்காங்க. எனக்குக் கேட்டுது. நான் சொல்லல. சொல்லியிருந்தா திறந்திருப்பாங்க."

மாசிலாமணிக்குக் கோபம் வரவில்லை. புரியாத மாதிரி பார்த்தார்.

"யாரும்மா தட்டினது?"

"கொளஞ்சிதான்."

"அவ எப்படிம்மா தட்டுவா?"

கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே போட்டார். "ஏணில இறங்கும்போதே வழுக்கி வுழுந்துட்டா. கழுத்து எலும்பு முறிஞ்சிடுச்சி. வுழுந்த நிமிசமே போயிடுச்சின்னு அறுத்துப் பார்த்த டாக்டரு எழுதியே குடுத்தாரு. தண்ணி ஒரு சொட்டு உள்ள போவலைன்னாரு. ஏணி புடிச்சவன் வுழுந்ததைக்கூட பாக்கல. ஏணியை உருவிக்கினு, மூடியைப் போட்டுட்டு போய்ட்டான். அதுக்கப்புறம்தானே படமே புடிச்சிருக்கீங்க?"

அம்பிகா முக்காலியில் உட்கார்ந்தாள்.

ரெடியா என்று கேட்டபோது வந்த தட்டல்... அப்போதே கொளஞ்சி இல்லை.

"அப்போ உள்ள தட்டினது..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. மாசிலாமணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு கணம் அவளுக்கு மார்பிலிருந்து ஒரு பாறை இறங்கினாற்போல் இருந்தது. நான் யாரையும் சாக விடவில்லை. நான் வாயைத் திறந்திருந்தாலும் கொளஞ்சி பிழைத்திருக்கமாட்டாள். இனி யாருக்கும் எதையும் சொல்லவேண்டிய அவசியமில்லை. அந்த நிம்மதி எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு போன் அடித்தது. வெற்றிச்செல்வன்.

"டீச்சர், எல்லாம் செட் பண்ணிட்டோம். சங்கவி தொட்டிக்குள்ள ஏணிப் படியில உட்கார்ந்துக்கினு, உங்க வார்த்தைக்குத்தான் காத்துக்கினு இருக்கா. ஜல்தி ஒண்ணு சொல்லுங்க. வெயில் ஏறுது."

"அவகிட்ட குடு."

சங்கவியின் குரலில் பயமே இல்லை. "டீச்சர்! நேத்து சும்மா பயந்துட்டேன். இன்னிக்கு ஏணி கொஞ்சம்கூட ஆடல. கீழ ஒரு அக்கா புடிச்சுக்கினு இருக்காங்க."

"கீழயா?"

"ஆமா, உள்ள. இருட்டுல முகம் தெரியல. கை மட்டும் தெரியுது. நீங்க சொல்லுங்க டீச்சர், இறங்கட்டுமா?"

போனில் வெற்றிச்செல்வன் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. "உள்ள யாருடா இறங்கினது?" "இன்னும் யாரும் இறங்கலண்ணே" என்றது ஒரு குரல்.

"மேல வா சங்கவி. பேசிக்கினே மேல வா. நான் லைன்லயே இருக்கேன்."

ஏணியில் செருப்பு உரசும் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. பிறகு மூச்சு வாங்கல். "வந்துட்டேன் டீச்சர். ஏன்?"

போன் கைமாறியது. வெற்றிச்செல்வன் கெஞ்சினான். ஒரே ஷாட், ரெண்டே நிமிஷம், நீங்க சரின்னு சொன்னா போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன் என்றான்.

அம்பிகா வாசலில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டையைப் பார்த்தபடி இருந்தாள்.

"சரின்னு சொல்ல மாட்டேம்பா" என்றாள். "ஏன்னு நேர்ல வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன். அதுவரைக்கும் அந்த மூடிகிட்ட யாரும் போவாதீங்க."